எதிரொலி முன்னால் வராது

போன மாதம் நிவேதா அலைபேசியில் ஒரு பாட்டை அனுப்பி, அதன் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "சார், இதுல கூடப் பாடுற இன்னொரு பொம்பளை யாரு?"

நான் புதுக்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் மாஸ்டரிங் வேலை பார்த்தவன். பாடி, வாசித்து, கலந்து முடித்த பாட்டு வெளியே போவதற்கு முன் கடைசியாக ஒருவர் கையைக் கடந்து போகும். மொத்தப் பாட்டும் எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும், அதில் உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்று அவர் தீர்மானிப்பார். அந்தக் கை பல வருடங்கள் என்னுடையதாக இருந்தது. இடது காதில் ஓயாத இரைச்சல் ஒன்று குடியேறிய பிறகு, ஐம்பத்தாறாவது வயதில் நானாகவே விலகிக்கொண்டேன். இப்போது என் நாற்காலியில் நிவேதா இருக்கிறாள். பாட்டைக் கொடுத்தால் தானாகவே சத்தத்தைச் சீராக்கித் தரும் மென்பொருள் ஒன்று அங்கே வந்திருக்கிறது. அவள் அனுப்பியது அதிலிருந்து வந்த பாட்டு.

ஃபோனில் சுருக்கமாகப் பதில் சொன்னேன். அது போதவில்லை என்றாள். அதனால் எழுதுகிறேன்.

ஆலங்குடியில் மைக்செட் கடையில் தொடங்கி, கல்யாண வீடுகளில் ஒயர் இழுத்து, கேசட் காலம் முடிகிற சமயத்தில் ஜலால் பாயிடம் வந்து சேர்ந்தேன். பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. அவர் ஜெகதாப்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் ஒரு வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு பார்த்துவிட்டு ஊர் திரும்பி, புதுக்கோட்டையில் தையல் கடைக்கு மாடியில் இரண்டு அறை பிடித்து ஸ்டூடியோ வைத்திருந்தார்.

பாயிடம் சில பழக்கங்கள் உண்டு. வேலை தொடங்கியதும், ஒலி அளவைக் காட்டும் மீட்டர்கள் மேல் ஒரு கைத்துண்டைப் போட்டு மூடிவிடுவார். முள் ஆடுவதைப் பார்த்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பார். ஒலியை மிகவும் குறைத்து வைத்துத்தான் கேட்பார். கடைசி முறை கேட்கும்போது அறைக்குள் இருக்க மாட்டார். கதவைப் பாதி திறந்துவிட்டு வெளி வராந்தாவில், கீழே தையல் மிஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவில் நின்று கேட்பார். எந்நேரமும் மின்விசிறி ஓட வேண்டும்.

"நம்ம சனங்க ஃபேன் ஓடுற வீட்லதானய்யா பாட்டுக் கேக்குது. நீ மட்டும் எதுக்கு அதை நிறுத்திட்டுக் கேக்குறே?"

கம்ப்ரஸர் என்ற கருவியை அவர் எனக்குப் புரியவைத்தது ஒரே பேச்சில். அது பாட்டின் உரத்த இடங்களை அமுக்கும். அமுக்கியதால் மேலே கொஞ்சம் இடம் கிடைக்கும். அந்த அளவுக்கு மொத்தப் பாட்டையும் தூக்குவோம். கேட்பவருக்குப் பாட்டு சத்தமாகிவிட்டது போலத் தோன்றும்.

"நீ கூரையை எறக்குறதா நெனைச்சுக்கிட்டு இருக்கே. அது இல்ல. தரைதான் மேல வருது. தரையில என்னென்ன கெடக்குன்னு மொதல்ல பாத்துக்க."

தரையில் என்னவெல்லாமோ கிடக்கும். திருமயம் பக்கம் ஒரு செட்டியார் வீட்டு அறுபதாம் கல்யாணத்தில் வாசித்த நாகஸ்வரத்தை வட்டில் போட்டுத் தரச் சொன்னார்கள். இரண்டு கீர்த்தனைகளுக்கு நடுவே, தூக்கிய தரையோடு சேர்ந்து, "டீ சொல்லியாச்சாப்பா" என்று ஒரு குரல் எழுந்து வந்தது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். செட்டியார் ஹெட்ஃபோனை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "என் மச்சினன். எவ்வளவு பெரிய வித்வான் வாசிச்சாலும் அவனுக்கு டீதான். இருக்கட்டும்."

அப்படித்தான் அந்த வேலையை நினைத்திருந்தேன். மறைந்து கிடப்பது மேலே வரும், சிரித்துக்கொள்வோம், எடுப்போம் அல்லது விடுவோம். அமலியின் பாட்டு வரும்வரை.

ஆவூர் பக்கத்தில் சின்ன ஊர் ஒன்று. பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் பாஸ்கா போடுவார்கள், இயேசுவின் பாடுகளை நாடகமாக. வசனமும் பாட்டும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டு ஒலிபெருக்கியில் வரும். மேடையில் இருப்பவர்கள் அதற்கு வாயசைத்து நடிப்பார்கள். மற்ற ஊர்களில் எல்லாம் இரவில் நடக்கும். இந்த ஊரில் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சியை மட்டும் பெரிய வெள்ளி அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, வெட்டவெளியில், வெயிலில் போடுவார்கள். இறந்த மகனை மாதா மடியில் கிடத்திப் புலம்புகிற பாட்டு அதில்தான் வரும்.

பழைய பதிவு தேய்ந்துபோனதால் புதிதாக எடுக்க வந்தார்கள். புலம்பலை லூர்துமேரி பாடினார். நாற்பதைக் கடந்தவர், கோயில் பாடகர் குழுவில் மூத்தவர். முதலில் பைலட் எடுத்தோம். பைலட் என்றால் மாதிரிக்குப் பாடி வைப்பது. நடிகர்கள் அதை வைத்து ஒத்திகை பார்ப்பார்கள், பிறகு நிதானமாக உண்மைப் பதிவு நடக்கும். லூர்துமேரி கடைசிச் சரணத்துக்கு வந்தபோது இருமல் வந்துவிட்டது. "தொண்டை கட்டிருச்சு பாய். மிச்சத்த அடுத்த வாரம் வந்து பாடுறேன்" என்றார். அந்தப் பேச்சும் பைலட்டில் இருக்கிறது. அடுத்த வாரம் அவர் வரவில்லை. காமாலை முற்றி, திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

உண்மைப் பதிவுக்கு அவருடைய தங்கை அமலி வந்தாள். லூர்துமேரி உயிரோடு இருந்தபோதே ஒத்திகைகள் அவருடைய பைலட்டுக்கு நடந்திருந்தன. எந்த மூச்சில் உடலை இறக்குவது, எந்த அடியில் மடியில் கிடத்துவது என்று எல்லாருடைய கைகாலும் அந்தப் பாட்டுக்குப் பழகியிருந்தன. அதனால் அமலி ஹெட்ஃபோனில் அக்காவைக் கேட்டு, அவர் விட்ட இடத்தில் விட்டு, எடுத்த இடத்தில் எடுத்துப் பாடினாள். கடைசிச் சரணத்துக்கு மட்டும் காதில் வெறும் சுருதிப்பெட்டி.

பதிவும் கலவையும் முடிந்து பாட்டு என் மேசைக்கு வந்தது. கமிட்டித் தலைவர் சவரிமுத்து வாத்தியார் நேரில் வந்து ஒன்றுதான் சொன்னார்: "கடைசியா நிக்கிறவனுக்கும் பொலம்பல் கேக்கணும். போன வருசம் ஐஸ்காரன் மணிதான் நல்லாக் கேட்டுச்சு."

எனவே அமுக்கித் தூக்கினேன். முன்பகல் நேரம். கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு மெதுவான பாட்டு. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மூச்சு வாங்க நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் தரை ஏறி வந்தது: அறையின் லேசான ரீங்காரம், துணி உரசல், பிறகு ஒரு குரல். மிக மெல்லியதாக, சுவருக்கு அந்தப்பக்கம் பாடுவது போல, "ஆணி..." என்று தொடங்கியது. உடனே அமலியின் குரல் முழுசாக எழுந்து, "ஆணி தச்ச கையி இது" என்று அதை மூடியது.

அடுத்த இடைவெளியிலும் வந்தது. "நான்..." என்று முதலில் அது, பிறகு "நான் சோறூட்டின கையி" என்று அமலி.

எதிரொலிக் கருவி எதையாவது அணைக்காமல் விட்டிருக்கிறேன் என்று எல்லாவற்றையும் அணைத்தேன். இருந்தது. வராந்தாவில் பாய் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"எக்கோ போட்டிருக்கியா?"

"இல்ல பாய்."

"எக்கோ மாரி இருக்கே." இன்னும் இரண்டு அடி கேட்டார். உள்ளே வந்தார். "எக்கோ முன்னாடி வராதேய்யா."

அதுதான். எந்தச் சுவரில் மோதித் திரும்பினாலும் எதிரொலி பாடிய பிறகுதான் வரும். பாடுவதற்கு முன் வருவது எதிரொலி இல்லை. பழைய டேப்பில் ஒன்று நடக்கும்: நாடா சுருண்டு கிடக்கும்போது ஒரு சுற்றின் ஒலி பக்கத்துச் சுற்றில் ஒட்டிக்கொண்டு முன்கூட்டியே கேட்கும். பாய் அதைத்தான் முதலில் சொன்னார். ஆனால் நாங்கள் பதிவு செய்தது கம்ப்யூட்டரில். அங்கே நாடாவும் இல்லை, சுருளும் இல்லை.

பாய் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். அத்தனை வருடத்தில் அவர் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

இசையை எல்லாம் அடைத்து, அமலியின் குரலைத் தனியாகப் பதிந்திருந்த வரிசையை மட்டும் வைத்துக் கேட்டோம். முன்னால் வரும் குரல் 'மகனே' என்பதை நீட்டியது. அமலி சட்டென்று முடித்தாள். அப்படி நீட்டுபவரை எங்களுக்குத் தெரியும். பாய் பைலட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இடைவெளிகளில் எழுந்த குரலும் பைலட்டும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருந்தின.

காரணம் பிடிபட்டது. அமலிக்கு ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடுகிற பழக்கம். கோயில் குழுவில் பாடுகிறவர்கள் நிறையப் பேருக்கு உண்டு. ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைத் தாடைக்குத் தள்ளிவிட்டுப் பாடியிருக்கிறாள். அதிலிருந்து கசிந்த அக்காவின் குரல் மைக்கில் விழுந்திருக்கிறது. அவர் பாடியதைக் கேட்டுத் தொடர்ந்ததால் இவள் எப்போதும் ஒரு மயிரிழை பின்னால்.

காரணம் தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்த அம்மாள் இறந்து நாற்பதாம் நாள் பூசைகூட அப்போது முடியவில்லை.

அமலியை வரச் சொன்னோம். கேட்டாள். மூன்றாவது அடியில் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதை எடுத்துரணும் சார்."

"ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா..."

"எனக்கு இல்ல. சேவியருக்கு."

சேவியர் லூர்துமேரியின் ஒரே மகன். திருச்சியில் ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தான், இருபத்துநாலு வயது. பாஸ்காவில் அவன்தான் இயேசு. அவன் நடிக்க வேண்டும் என்பது லூர்துமேரியின் நேர்ச்சை. மாதாவாக நடிப்பவள் அமலி.

"அவன் என் மடியில செத்துக் கெடக்கணும் சார், பாட்டு முடியிற வரைக்கும். எமை அசையக் கூடாது. எங்க ஊர்ல அது ரொம்பப் பெருசு. அசைஞ்சுட்டான்னா காலம் பூராம் சொல்லுவாங்க. அக்கா போனதுலருந்து அவன் அவ கொரலக் கேக்கவே இல்ல. ஃபோன்ல கெடக்குற வீடியோவக்கூடத் தொறக்க மாட்டேங்குறான். இது ஸ்பீக்கர்ல வந்தா அவன் எப்புடிக் கெடப்பான்?"

மறுபடி பாட முடியுமா என்றார் பாய். இந்தமுறை இரண்டு காதையும் இறுக மூடி, ஒலி கசியாதபடி. அமலி முயன்றாள். நாலு அடி. பிறகு கண்ணாடி வழியே எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"ரெண்டு காதையும் மூடுனா உள்ள அக்கா மட்டும்தான் இருக்கா. நான் இல்ல. என்னால முடியல பாய்."

இனி என் கருவிகள்தான். முதலில் 'கேட்' போட்டேன். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகிற ஒலியை அது அடைத்துவிடும். அமலி பாடும்போது திறக்கும், நிறுத்தினால் மூடும். லூர்துமேரியின் குரல் போய்விட்டது. கூடவே அறையின் ரீங்காரமும் மூச்சும் போயின. ஒவ்வொரு அடி முடிந்ததும் கிணறு மாதிரி ஒரு மௌனம். வராந்தாவில் நின்று கேட்ட பாய் உள்ளே வந்தார்.

"யாரோ கையை வச்சு வாயப் பொத்துற மாரி இருக்குய்யா. எடுத்துரு."

எடுத்துவிட்டேன். கடைசியில் செய்தது இவ்வளவுதான். கம்ப்ரஸரை மிக இலேசாக, பாட்டு அதை உணராத அளவுக்கு வைத்தேன். அமுக்கிவிட்டு விடுகிற வேகத்தை நிதானமாக்கினேன். வேகமாக விட்டால் ஒவ்வொரு இடைவெளியிலும் தரை சட்டென்று எழும். உச்சம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர், அமலி கதறும் ஓரிரு இடங்களை மட்டும் தொட்டது. சத்தத்தைக் கூட்டுவது வேறு, தூரத்தைக் குறைப்பது வேறு. தூரம் அப்படியே இருந்தால் ஆம்ப்ளிஃபயரில் எவ்வளவு கூட்டினாலும் அக்காவின் குரல் அதே அடியாழத்தில்தான் கிடக்கும். அதை மூட மைதானத்தின் இரைச்சல் போதும். ஒத்திகை நாளில் போய் நின்று கேட்டேன். ஜெனரேட்டர், சுற்றிலும் வயல்களில் போர்வெல் மோட்டார்கள், ரோட்டில் பஸ், பிள்ளைகள் சத்தம். போதுமென்று பட்டது.

வாத்தியாருக்குத்தான் திருப்தி இல்லை. "சத்தம் பத்தாது போலயே பாய்."

"சத்தம் ஒங்க ஆம்ப்ளிஃபயர்ல இருக்கு வாத்தியாரே. அதத் திருகுங்க. இதுல கை வைக்காதீங்க."

பெரிய வெள்ளி அன்று, பாய் ஜும்மாவுக்குப் போய்விட்டதால், நான் தனியாகப் போனேன். மைக்செட் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். நல்ல கூட்டம். ஐஸ்காரன் இருந்தான். ஜெனரேட்டர் ஓடியது. மூன்று மணிக்கு யாரோ மரக்கட்டையைத் தட்டினார்கள். அன்று கோயில் மணி அடிப்பதில்லை. தட்டிய கையோடு ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். மைக்செட்டை பேட்டரிக்கு மாற்றினார்கள். வயல்களில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன. ரோட்டில் வந்த பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தினார்கள், ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். கூட்டம் மொத்தமும் மண்ணில் முழங்காலிட்டது. கைக்குழந்தைகளைக்கூட மார்போடு அணைத்துச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். இயேசு இறந்த நேரத்தில் அந்த ஊரில் எதுவும் ஒலிக்கக் கூடாது, மாதாவைத் தவிர. அது காலங்காலமாக இருக்கும் வழக்கம். அவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது, அதனால் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அத்தனை அமைதியான பகலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சேவியரை இறக்கி அமலியின் மடியில் கிடத்தினார்கள். பாட்டு தொடங்கியது. வெயிலில், ஹார்ன் ஸ்பீக்கர் வழியே, முதலில் அந்தக் குரல் வந்தது: "ஆணி..." பிறகு அமலி.

முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் தலையை நிமிர்த்தினார்கள். சேவியரின் முடியைக் கோதிக்கொண்டிருந்த அமலியின் கை அப்படியே நின்றது. மைக்செட் மிக்ஸரில் சத்தத்தைக் குறைக்கும் குமிழுக்கு என் விரல் போய்விட்டது. ஒவ்வொரு இடைவெளியிலும் நானே குறைத்து, அமலி எடுக்கும்போது கூட்டலாம். என் கையே கேட் ஆகியிருக்கும். வாயைப் பொத்துவது பற்றிப் பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. சேவியரைப் பார்த்தேன். அவன் அசையவில்லை. ஆனால் அவனுடைய மார்பு, செத்தவனுக்கு அசையக் கூடாத மார்பு, ஒவ்வொரு இடைவெளியிலும் மிக மெதுவாக ஏறி இறங்கியது. அமலியின் பாட்டுக்கு அல்ல. அதற்கு ஒரு மயிரிழை முன்னால்.

விரலை எடுத்துவிட்டேன்.

அப்படியே கடைசிச் சரணம் வரை கிடந்தான். அந்தச் சரணத்தில் பைலட் இல்லை, கசிவதற்கு எதுவும் இல்லை. இடைவெளி வந்தது, எனக்கு எதுவும் கேட்கவில்லை. அமலி எடுத்தாள். அப்போது சேவியர் கண்ணைத் திறந்தான். தலையைத் திருப்பினான். ஹார்ன் கட்டியிருந்த பக்கம் அல்ல. அமலியின் தோளுக்குப் பின்னால், யாருமே இல்லாத பக்கம். அமலி முந்தானையால் அவன் முகத்தை மூடினாள். பாட்டு முடிந்தது.

ஊர் பேசியது. வாத்தியார் நேருக்கு நேர் கேட்டார். சேவியர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அடுத்த வருடம் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். அம்மாவின் குரல் திடீரென்று நின்றுபோனதால் தேடினான் என்று நான் நினைத்துக்கொண்டேன். பாயிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் அந்தப் பாட்டையும் அதன் பைலட்டையும் தனிப் பதிவுகளையும் வட்டில் ஏற்றிப் பூட்டி வைத்தார்.

இதுவரை நடந்ததைத்தான் நிவேதாவுக்கு ஃபோனில் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன். அவள் கேட்டுவிட்டு, "சார், நானும் பைலட்டை எடுத்து ஒப்பிட்டுப் பாத்தேன்" என்றாள்.

"பொருந்துதா?"

"எல்லாச் சரணமும் பொருந்துது. கடைசிச் சரணத்துக்கு பைலட்டே இல்லையே சார். இருமிட்டு, அடுத்த வாரம் பாடுறேங்குறாங்க, அதோட முடியுது."

"ஆமா."

"ஆனா கடைசிச் சரணத்துலயும் அந்தக் கொரல் வருது. முன்னாடிதான் வருது."

மென்பொருள் அதே குரலை வைத்துத் தானாக எதையாவது நிரப்பியிருக்கலாம் என்றேன். அதற்கு அந்த வசதியே இல்லை என்றாள். அமலியின் பழைய வரிசையை நேரடியாக எடுத்து, எந்தக் கருவியும் போடாமல், வெறுமனே ஒலியை மட்டும் கூட்டிக் கேட்டதாகவும் சொன்னாள். அதிலும் இருக்கிறதாம். எனக்கும் அனுப்பினாள். ஹெட்ஃபோனில் கேட்டேன். வலது காதில் ஏதோ கேட்பதுபோல் இருந்தது. ஆனால் இடது காது எந்நேரமும் இரைகிறது. இந்த விஷயத்தில் என் காதை நானே சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன்.

நிவேதா கேட்டது வேறு காரணத்துக்காக. கமிட்டிக்காரர்கள் பழைய பாட்டு சத்தம் பற்றவில்லை என்று புதிதாகச் செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வருடம் சேவியர் விடுப்பில் வருகிறான். அவனே மறுபடி இயேசுவாகக் கிடக்கிறேன் என்று கேட்டிருக்கிறான். எந்தப் பாட்டைக் கொடுப்பது?

அதை நானோ நிவேதாவோ முடிவு செய்வது சரியில்லை என்று தோன்றியது. அமலியிடம் எண் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சேவியரைக் கூப்பிட்டேன். யாரென்று சொன்னதும் தெரிந்துகொண்டான். புதிதாகச் செய்த பாட்டில் அம்மாவின் குரல் தெளிவாக மேலே வந்துவிட்டது என்றேன். கடைசிச் சரணத்தைப் பற்றிச் சொல்லத் தயங்கி, பழைய பேச்சைத் தொடங்கினேன்.

"அன்னைக்கு அம்மா கொரல் நின்னதும் கண்ணத் தொறந்துட்டீங்க. இந்தத் தடவையும்..."

"நிக்கல சார்."

"என்னப்பா?"

"நின்னதுனால தொறக்கல. அதுவரைக்கும் ஸ்பீக்கர்லதான் கேட்டுச்சு. கடைசியில மட்டும் பக்கத்துல கேட்டுச்சு. சித்திக்குப் பின்னாடி."

அவன் இருந்த இடத்தில் ஏதோ மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

"பழசையே போடச் சொல்லுங்க சார்" என்றான். "கூட்டினா எல்லாருக்கும் கேட்டுரும்."